தங்கு கடலுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு: படகில் குடியிருப்பதும் படகைக் காப்பதும்

வடசென்னையில் காசிமேட்டுத் துறைமுகத்திலிருந்து கிளம்பும் விசைப்படகுகளில் பல அன்றைக்கே திரும்புவதில்லை. ஒரு வாரம், பத்து நாள், சில சமயம் அதற்கு மேலும் கடலிலேயே இருந்து தொழில் செய்துவிட்டுத்தான் வரும். தங்கு கடல் என்று சொல்வது இதைத்தான். எட்டுப் பத்துப் பேர், ஐம்பது அறுபது அடிப் படகு, படகை ஓட்டும் வீல் ஹவுஸ் அறை ஒன்று, ஒரு அடுப்பு. நிறையப் படகுகளில் கழிப்பறை என்று தனியாக எதுவும் கிடையாது. இதில் முதல் தடவை ஏறப்போகிற பையன்களுக்கும், படகில் பங்கு போட்டுவிட்டு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் கரையில் நிற்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். வலை போடுவது, இழுப்பது, மீன் பிரிப்பது பற்றி இதில் இருக்காது. அதைப் படகிலேயே சொல்லித் தருவார்கள், நீங்கள் கேட்காமலே, கொஞ்சம் சத்தமாகவே.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படகில் வரும் தொல்லைகளில் முக்கால்வாசி தண்ணீர்த் தொல்லை. இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் இல்லாமல் போயிருக்கும், இல்லையென்றால் இருக்கக் கூடாத இடத்தில் வந்திருக்கும். குடிக்கிற டிரம், எஞ்சின் கூலிங், டீசல் டேங்க், பேட்டரி, ஐஸ் அறை, மரப்பலகை என்று எதை எடுத்தாலும் இதுதான் கதை. புதிதாகப் போகிறவர் தண்ணீர் எங்கே எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கக் கற்றுக்கொண்டால், டிரைவர் அண்ணன் உங்களைச் சீக்கிரமே ஆளாக மதிப்பார்.

ஏறுவதற்கு முன்

மீனவர் அடையாள அட்டை, ஆதார் நகல் இரண்டையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போடுங்கள். படகின் பதிவுச் சான்றும் உரிமமும் படகில் இருக்கின்றனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடலில் கடலோரக் காவல் படை சோதனைக்கு நிறுத்தினால் அவைதான் பேசும்.

துணி நிறைய வேண்டாம். மூன்று அரைக்கால் சட்டை, இரண்டு முழுக்கைச் சட்டை, ஒரு தொப்பி, ஒரு மழைக்கோட்டு, இரவுக்கு ஒரு போர்வை. ஜீன்ஸ் எடுத்துப் போகாதீர்கள். உப்பேறிய ஜீன்ஸ் காயவே காயாது, தொடையையும் அறுத்துவிடும். நன்றாகப் பிடிமானம் உள்ள ரப்பர் செருப்பு அவசியம். கத்தி ஒன்று, உறையோடு, இடுப்பில் எப்போதும் இருக்க வேண்டும். காலில் கயிறு சுற்றிக்கொண்டால் அதைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

வாந்தி வரும். வந்தால் வெட்கப்பட வேண்டாம், பரம்பரையாகக் கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளுக்கும் வருகிறது. மாத்திரை போடுவதாக இருந்தால் டாக்டரிடம் கேட்டு, படகு கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். வாந்தி ஆரம்பித்த பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். அந்த மாத்திரைகள் தூக்கம் தருபவை, அதனால் போட்ட அன்று வலைக்கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச் பக்கம் போகக் கூடாது. வெறும் வயிற்றோடு இருக்காதீர்கள். படகின் நடுப்பகுதியில் உட்கார்ந்து தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பாருங்கள். இஞ்சி பலருக்கு உதவுகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் உடம்பு பழகிவிடும்.

குடிதண்ணீர்க் கணக்கு

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் என்று வையுங்கள். பத்துப் பேர், பத்து நாள் என்றால் 500 லிட்டர். எஞ்சின் நின்று இழுத்துவர ஆள் வரும்வரை காத்திருக்க நேர்ந்தால் என்ன செய்வது? அதற்கு மூன்று நாள் தண்ணீர் கூடுதலாக, 150 லிட்டர். ஆக 650 லிட்டருக்குக் குறையாமல் ஏற்றுங்கள். மே மாத வெயிலில் இன்னும் கூடுதலாக.

இதை ஒரே தொட்டியில் வைக்காதீர்கள். ஒரு தொட்டியில் டீசலோ உப்புத்தண்ணீரோ கலந்தால் மொத்தமும் போச்சு. 200 லிட்டர் நீல டிரம் இரண்டு, மிச்சம் 20 லிட்டர் கேன்களில் என்று பிரித்து வையுங்கள். ரசாயனம் வந்த பழைய டிரம்மை எவ்வளவு கழுவினாலும் குடிதண்ணீருக்குப் பயன்படுத்தக் கூடாது. விலை மலிவு என்று யாராவது வாங்கிவந்தால் திருப்பி அனுப்புங்கள். டிரம்கள் தாழ்வான இடத்தில், இறுகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். 200 லிட்டர் என்றால் 200 கிலோ, அலையில் அவிழ்ந்து உருண்டால் ஆளை நசுக்கிவிடும். குளோரின் மாத்திரை ஒரு அட்டை கையில் இருக்கட்டும். டிரம்முக்குள் சொம்பை விட்டு அள்ளும் பழக்கம் இருந்தால் முதல் நாளே நிறுத்திக் குழாய் வைக்கச் சொல்லுங்கள். பத்துக் கை போகும் டிரம்மில் நான்காவது நாளே வயிற்றுப்போக்கு தொடங்கிவிடும்.

காட்டுப்பள்ளியில் உள்ள மீஞ்சூர் ஆலை 2010இல், கடல்நீரிலிருந்து நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறனோடு தொடங்கப்பட்டது. வடசென்னை வீடுகளுக்கு அந்தத் தண்ணீரும் வந்திருக்கிறது. படகில் அந்த வசதி கிடையாது. எவ்வளவு தாகம் எடுத்தாலும் கடல்தண்ணீரைக் குடிக்கக் கூடாது, அந்த உப்பை வெளியேற்ற உடம்பு குடித்ததைவிட அதிகத் தண்ணீரைச் செலவழிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தார்ப்பாய் கட்டித் தண்ணீர் பிடிக்கலாம். முதல் ஐந்து நிமிட மழையை ஓட விட்டுவிடுங்கள், தார்ப்பாயில் உள்ள உப்பும் காக்கை எச்சமும் போகட்டும்.

சமையல், குளியல், தூக்கம்

கேஸ் சிலிண்டர் திறந்த தளத்தில்தான் இருக்க வேண்டும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் கீழே இறங்கி எஞ்சின் அறையிலும் அடிப்பள்ளத்திலும் தேங்கும், அப்புறம் ஸ்டார்ட்டர் போடும்போது வரும் ஒரு பொறி போதும். சமைத்து முடித்ததும் அடுப்பின் திருகை மட்டும் மூடினால் போதாது, சிலிண்டரின் ரெகுலேட்டரையும் மூடுங்கள். அடுப்பைச் சுற்றி இரும்புக் கம்பித் தடுப்பு இல்லையென்றால் பாத்திரம் நகரும். கொதிக்கும் குழம்பு காலில் கொட்டினால் கரைக்கு வர எத்தனை மணி நேரம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அலை அதிகமான நாளில் பெரிய பாத்திரத்தில் பாதி அளவே வையுங்கள்.

முதல் மூன்று நாளுக்குக் கீரை, கத்தரிக்காய். அதன் பிறகு உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டை, புளி. மீனுக்குப் பஞ்சமில்லை. காய்கறி கழுவவும் பாத்திரம் தேய்க்கவும் கடல்தண்ணீரே போதும், கடைசியாக ஒரு சொம்பு நல்ல தண்ணீரில் அலசினால் சரி. ஆனால் துறைமுகத்துக்குள் இருக்கும்போது அந்தத் தண்ணீரில் எதையும் கழுவாதீர்கள். அதில் என்னவெல்லாம் கலந்திருக்கிறது என்று பார்த்தாலே தெரியும், முகர்ந்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

குளிக்கக் கடல்தண்ணீர்தான். குளியல் சோப்பு உப்புத்தண்ணீரில் நுரைக்காது, ஷாம்பூ நுரைக்கும். குளித்து முடித்ததும் ஒரு சொம்பு நல்ல தண்ணீரை அக்குள், தொடையிடுக்கு, கால்விரல் இடுக்குகளில் ஊற்றிக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாதவர்களுக்கு ஐந்தாம் நாள் உப்புக்கொப்புளம் வரும், வலை இழுக்கக் கை நீட்டும்போதெல்லாம் எரியும்.

தூங்கும் இடத்தை டிரைவர் காட்டுவார். வீல் ஹவுஸ் கூரையில் காற்று நன்றாக வரும், ஆனால் படகு சாயும்போது உருண்டு விழவும் அதுதான் வசதியான இடம். இரவில் ஒன்றுக்குப் போக ஓரத்துக்கு வந்து கடலில் விழுந்தவர்கள் எல்லாத் துறைமுகத்திலும் உண்டு. அரைத்தூக்கத்தில் எழுந்து போவார்கள், எஞ்சின் சத்தத்தில் விழுந்தது யாருக்கும் கேட்காது, விடிந்து எண்ணிப் பார்த்தால்தான் ஒரு ஆள் குறைவது தெரியும். ஆகவே இரவில் ஓரத்துக்குப் போகும்போது லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, பக்கத்தில் படுத்திருப்பவரைத் தட்டிச் சொல்லிவிட்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி போங்கள். யாராவது கேலி செய்தால் செய்யட்டும்.

அடிப்பள்ளத்துத் தண்ணீர்

படகின் அடியில், எஞ்சினுக்குக் கீழே, எல்லாக் கசிவும் வந்து சேரும் பள்ளம் ஒன்று இருக்கும். பில்ஜ் என்பார்கள். தினமும் மூன்று நான்கு தடவை டார்ச் அடித்து இதைப் பார்ப்பது புதிதாக வந்தவருக்குக் கொடுக்கப்படும் வேலை. சின்ன வேலை என்று நினைக்காதீர்கள், படகு மூழ்கப்போவதை முதலில் பார்ப்பவர் நீங்கள்தான்.

வெறுமனே பார்த்தால் போதாது. சட்டத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பம்ப் போட்டு வற்றடித்த பிறகு எவ்வளவு நேரத்தில் தண்ணீர் அந்தக் கோட்டைத் தொடுகிறது என்று கவனியுங்கள். மரப்படகில் கொஞ்சம் கசிவது இயல்பு. நேற்று ஆறு மணி நேரம் எடுத்தது இன்று மூன்று மணி நேரமாகியிருந்தால் எங்கோ ஏதோ ஆகியிருக்கிறது, உடனே டிரைவரிடம் சொல்ல வேண்டும்.

எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கத் தண்ணீரே உதவும். சில்லென்று, மீன் வாடையோடு இருந்தால் ஐஸ் அறையிலிருந்து வடிகிறது. வாடையில்லாத நல்ல தண்ணீராக இருந்தால் குடிதண்ணீர் டிரம்மைப் பாருங்கள், அல்லது ராத்திரி மழை பெய்ததா என்று கேளுங்கள். வெதுவெதுப்பான உப்புத்தண்ணீர் என்றால் எஞ்சின் கூலிங் குழாயில் ஓட்டை இருக்கலாம். குளிர்ந்த உப்புத்தண்ணீர் என்றால் இரண்டு இடம்: ஒன்று பலகை இடுக்கு, இன்னொன்று படகைத் தள்ளும் விசிறியான பங்காவின் தண்டு வெளியே போகும் கிளாண்ட்.

இந்த கிளாண்டைத் தெரிந்துகொள்வது முக்கியம். எஞ்சினிலிருந்து பங்காவுக்குப் போகும் இரும்புத் தண்டு படகின் உடம்பைத் துளைத்துக்கொண்டு வெளியே போகிறது. அந்தத் துளை வழியாகத் தண்ணீர் வராமல் இருக்கக் கிரீஸ் ஊறிய சதுரக் கயிறுகளை வளையமாக வைத்து நட்டால் இறுக்கியிருப்பார்கள். தண்டு சுற்றும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு விழ வேண்டும், அந்தச் சொட்டுதான் தண்டைக் குளிர வைக்கிறது. சொட்டுவதைப் பார்த்து பயந்து ஸ்பேனரை எடுத்து முழுசாக இறுக்கிவிடுகிற ஆர்வக்கோளாறு புதியவர்களிடம் உண்டு. இறுக்கினால் கயிறு கருகும், தண்டில் பள்ளம் விழும், அடுத்த மாதம் புதுத் தண்டு வாங்க வேண்டிவரும். கிளாண்ட் கூட்டின் மேல் கையை வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பு வரை சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் இறுக்கம் அதிகம். எஞ்சின் நின்ற பிறகும் தாரையாக ஒழுகினால் இரண்டு நட்டையும் சமமாக, கால் சுற்றுக் கால் சுற்றாக இறுக்குங்கள். கயிறு மாற்றும் வேலையைக் கரையில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய வளையங்களை ஒன்று விடாமல் எடுத்துவிட்டு, ஒவ்வொரு வளையத்தையும் தனித்தனியாக வெட்டி, ஒன்றின் இணைப்பு அடுத்ததன் இணைப்புக்கு நேராக வராமல் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். ஒரே நீளக் கயிற்றைச் சுருட்டி உள்ளே திணிப்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

பம்ப் இரண்டு வேண்டும், அதில் ஒன்று கையால் அடிப்பதாக இருக்க வேண்டும். தண்ணீர் ஏறும்போது பேட்டரியும் மூழ்கும், எலெக்ட்ரிக் பம்ப் அத்தோடு சரி. பம்பின் உறிஞ்சும் முனையில் உள்ள சல்லடையைத் தினமும் துடைத்துவிடுங்கள். அதை அடைப்பவை மீன் செதில், நூல், அப்புறம் பாக்குப் பொட்டலக் கவர். கவரை எங்கே போடுகிறீர்கள் என்று இரவு இரண்டு மணிக்குப் பம்ப் நின்றபோது விசாரணை நடக்கும்.

படகின் உடம்பில் எங்கெல்லாம் தண்ணீர் குழாய்க்காகத் துளை போட்டிருக்கிறார்களோ, அந்த வால்வுகள் எல்லாவற்றையும் கிளம்புமுன் ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள். திருகவே வராத வால்வு இருந்தும் இல்லாததுதான். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அந்தத் துளைக்குப் பொருந்தும் கூம்பு மரக்கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். குழாய் பிய்த்துக்கொண்டால் அடித்துச் செருக வேண்டியதுதான்.

எஞ்சினுக்குத் தினசரி

காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் ஆயில் கம்பியை உருவிப் பாருங்கள். ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது, ஸ்டார்ட் செய்யாதீர்கள். கூலன்ட் மட்டம், பெல்ட் இழுவை, தரையில் புதிதாக எண்ணெய்த் திட்டு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஸ்டார்ட் ஆனதும் கடல்தண்ணீர் கூலிங் உள்ள படகில், தண்ணீர் வெளியே கொட்டுகிறதா என்று ஓரத்தில் எட்டிப் பார்க்க வேண்டும். கொட்டவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள், பம்புக்குள் இருக்கும் ரப்பர் இம்பெல்லர் தண்ணீரில்லாமல் சுற்றினால் கொஞ்ச நேரத்திலேயே சிதைந்துவிடும். மழைக்காலத்தில் கூவம் முகத்துவாரமும் எண்ணூர் கழிமுகமும் ஊரின் பிளாஸ்டிக்கையெல்லாம் கடலில் கொட்டுகின்றன. தண்ணீர் இழுக்கும் துளையில் ஒரு கேரி பேக் ஒட்டிக்கொண்டால் போதும். அந்த மாதங்களில் கூலிங் தண்ணீரை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரைத் தினமும் கழற்றிக் கழுவுங்கள். எஞ்சின் சூடேறி நின்றுவிட்டால் ரேடியேட்டர் மூடியை உடனே திறக்காதீர்கள், ஆவி முகத்தில் அடிக்கும்.

டீசலில் தண்ணீர் சேர்வதற்கு டேங்க் ஓட்டையாக இருக்க வேண்டியதில்லை. பாதி காலியான டேங்கில் இரவுக் குளிரில் காற்றின் ஈரம் சுவரில் வியர்த்து இறங்கும். அதனால் மீன்பிடித் தடைக்காலத்துக்குப் படகை நிறுத்தும்போது டேங்க்கை நிரப்பி வைப்பது நல்லது. ஃபில்டருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தைத் தினமும் பாருங்கள், அடியில் தண்ணீர் தனியாக நிற்பது தெரியும், திருகைத் திறந்து வடித்துவிட வேண்டும்.

ஃபில்டர் மாற்றினாலோ டீசல் தீர்ந்து நின்றாலோ குழாயில் காற்று புகுந்துவிடும், எஞ்சின் உறுமும், பிடிக்காது. ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்துக்கொண்டே இருந்தால் நுரையாக வரும். நுரை நின்று சுத்தமான டீசல் வரும்போது ஸ்குரூவை இறுக்க வேண்டும். கரையில் கட்டியிருக்கும்போது மெக்கானிக்கை வைத்துக்கொண்டு இதை நீங்களே செய்து பழகிக்கொள்ளுங்கள். இருட்டில், அலையில், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு செய்ய வேண்டிவரும் வேலை இது.

பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் தவிர வேறு எதுவும் ஊற்றக் கூடாது. 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6க்கு மேல் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே போனால் ஸ்டார்ட்டரை நம்ப வேண்டாம். வயர்லெஸ், ஜிபிஎஸ் இரண்டுக்கும் தனி பேட்டரி, ஸ்டார்ட்டருக்குத் தனி பேட்டரி இருக்கட்டும். பேட்டரி மேல் கடல்தண்ணீர் பட்டு உள்ளே இறங்கினால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சடைக்கும். உயரமான, மூடிய பெட்டியில் வைப்பது அதற்காகத்தான்.

பங்காவில் வலையோ கயிறோ சுற்றிக்கொண்டால் யாராவது இறங்கித்தான் அறுக்க வேண்டும். இறங்குமுன் எஞ்சினை நிறுத்துங்கள், சாவியை உருவி இறங்குபவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள், அவர் இடுப்பில் கயிறு கட்டுங்கள்.

ஐஸ் அறையில் இறங்குமுன்

இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். மூடியே கிடந்த ஐஸ் அறையில் மீன் கழிவும் அழுக்குத் தண்ணீரும் அழுகினால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு சேரும், உள்ளே ஆக்ஸிஜனும் குறையும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். வாயு கூடக்கூட மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, அதை வாயு போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறார்கள். இறங்கியவர் மயங்கி விழுவார். மேலே இருப்பவர் காப்பாற்றக் குதிப்பார், அவரும் விழுவார். இப்படி இரண்டாவது, மூன்றாவது ஆளும் போயிருக்கிறார்கள்.

ஆகவே, பல நாள் மூடியிருந்த அறையின் மூடிகளை எல்லாம் திறந்து வெகுநேரம் காற்றாட விடுங்கள், முடிந்தால் மின்விசிறியால் உள்ளே காற்றடியுங்கள். இறங்குபவர் உடம்பில் கயிறு கட்டி, மேலே ஒருவர் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பதில் வரவில்லையென்றால் இழுங்கள். குதிக்காதீர்கள்.

இரவு, கப்பல், காற்று

சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி என்று மூன்று துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்கள் நம் வழியில்தான் வருகின்றன. இரவில் ஒருவர் விழித்திருந்தே ஆக வேண்டும். இழுவலை இழுக்கும்போது பச்சைக்குக் கீழே வெள்ளை விளக்கு எரிய வேண்டும். தளத்து ஹாலோஜன் வெளிச்சம் அந்த இரண்டையும் மறைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விஎச்எஃப் வயர்லெஸ் 16ஆம் சேனலில் திறந்தே இருக்கட்டும். கடலோரக் காவல் படை மீட்பு எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093. இரண்டையும் வீல் ஹவுஸ் சுவரில் பெயின்ட்டில் எழுதிவையுங்கள்.

எஞ்சின் செத்துவிட்டால் காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள். வடகிழக்கிலிருந்து வரும் வாடைக் காற்று படகைக் கரைப்பக்கமாகத் தள்ளும். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று ஆழ்கடலுக்குத் தள்ளும், அப்போது ஆழம் எட்டும்போதே நங்கூரம் போட்டுவிட வேண்டும். ஆழத்தைப் போல ஐந்து மடங்கு கயிறு விடுங்கள், கடல் கொந்தளித்தால் ஏழு மடங்கு. கட்டுமரத்தில் பாய் கட்டிப் போன பெரியவர் யாராவது படகில் இருந்தால், தார்ப்பாயும் இரண்டு மூங்கிலும் வைத்துப் பாய் கட்டுவது எப்படி என்று கேட்டு வையுங்கள். அறுபதடிப் படகை அது வீடு வரை கொண்டுவராது, ஆனால் தலையைக் காற்றுக்குச் சாதகமாகத் திருப்பி வைக்கும்.

துறைமுகக் கூண்டு எண் ஏறினால் கிளம்பாதீர்கள், வெளியே இருந்தால் திரும்புங்கள். 1, 2 தூரத்துக் கடலில் புயல் சின்னம் என்று சொல்பவை. 8, 9, 10 பெரும் ஆபத்து. உள்ளே கொண்டுவந்து கட்டிவிட்டால் வேலை முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். வர்தா (2016), மிக்ஜாம் (2023) மாதிரி காற்றில் பக்கத்துப் படகுதான் முதல் எதிரி. கயிறுகளை இரட்டையாகப் போட்டு, கயிறு உராயும் இடத்தில் பழைய டயர்த் துண்டைச் சுற்றி, படகுக்கும் படகுக்கும் நடுவில் டயர்களைத் தொங்கவிடுங்கள்.

தடைக்காலத்தில் செய்ய வேண்டியது

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். 2017க்கு முன்பு 45 நாள்தான் இருந்தது. படகைக் கரையேற்றி அடிப்பகுதியைப் பார்க்க வருடத்தில் கிடைக்கும் நேரம் இது. ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் ஏற்றுவதால், இடத்துக்கும் மேஸ்திரிக்கும் மார்ச்சிலேயே சொல்லிவையுங்கள்.

ஏற்றியதும் முதல் வேலை சுரண்டுவது. அடியில் ஓட்டோடு ஒட்டி வளரும் கொட்டலசும் பாசியும் ஈரமாக இருக்கும்போதே எடுத்தால் சுலபம், காய்ந்துவிட்டால் உளி வேண்டும். பழைய பெயின்ட்டில் செம்பு இருக்கிறது, அந்தத் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. முகக்கவசம் போடுங்கள், தண்ணீர் தெளித்துத் தேயுங்கள். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது, 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அப்படி எண்ணெய் ஒட்டிய படகின் உடம்பை நன்றாகச் சோப்பு போட்டுக் கழுவிய பிறகே உப்புத்தாள் போட வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெயை நீங்களே மரத்துக்குள் தேய்த்துவிடுவீர்கள், எந்தப் பெயின்ட்டும் அப்புறம் பிடிக்காது.

பிறகு சின்னச் சுத்தியலால் பலகை முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் சரி, பொத்தென்று கேட்டால் அங்கே கத்தி முனையால் குத்திப் பாருங்கள். மரத்தைக் குடையும் கப்பல் புழு நுழையும் ஓட்டை குண்டூசி அளவுதான் இருக்கும், உள்ளே விரல் பருமனுக்குக் குடைந்திருக்கும். பெயின்ட் உரிந்த இடம்தான் அதற்கு வாசல்.

புதியவர்கள் பலருக்கு ஆச்சரியமான விஷயம் ஒன்று: மரத்தை அழுகவைப்பது பெரும்பாலும் நல்ல தண்ணீர். உப்பு ஊறிய மரத்தில் அழுகல் பூஞ்சை எளிதில் வளராது, மழைத்தண்ணீர் தேங்கிய மூலையில் வளரும். அதனால் மழை விட்டதும் தளத்தின் மேல் வாளி வாளியாகக் கடல்தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். மரத்தின் மேல் ஃபைபர் போர்த்திய படகில் இன்னும் கவனம் வேண்டும், போர்வையில் ஒரு விரிசல் இருந்தால் உள்ளே போன மழை வெளியே வர வழியில்லாமல் பலகையை மாவாக்கிவிடும். வெளியே பளபளப்பாகவே இருக்கும். பழைய படகில் பங்கு வாங்குபவர்கள் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், சுத்தியலை எடுத்துப் போங்கள்.

ஃபைபர் ஒட்டுவது காசிமேட்டில் தெருவுக்குத் தெரு தெரியும் வேலை, பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை. ஃபைபரை ஒட்டும் பசையான ரெசினை இறுக வைக்க, அதில் ஆக்ஸிலரேட்டரை முதலில் கலந்து, நன்றாகக் கலக்கிய பிறகு கேட்டலிஸ்ட்டை 1 முதல் 2 சதவீதம் சேர்ப்பார்கள். ஆக்ஸிலரேட்டரும் கேட்டலிஸ்ட்டும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். இரண்டு டப்பாவையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள், ஒரே கரண்டியால் அளக்காதீர்கள். அக்னி நட்சத்திர வெயிலில் கலவை வாளியிலேயே இறுகிவிடும், விடியற்காலையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பூசுங்கள்.

இரும்புப் படகில் அடியில் துத்தநாகக் கட்டிகள் பொருத்தியிருப்பார்கள். உப்புத்தண்ணீரில் இரும்புக்குப் பதிலாகத் தாங்கள் கரைவதே அவற்றின் வேலை. பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள். அவற்றின் மேல் மட்டும் பெயின்ட் அடிக்கக் கூடாது, அடித்தால் கரையாமல் அழகாக இருக்கும், அதற்குப் பதில் உங்கள் படகு கரையும்.

மரப்படகைக் கரையில் இரண்டு மாதம் வெயிலில் போட்டால் பலகை சுருங்கி இடுக்குகள் விரியும். ஈரச் சாக்கைப் போர்த்தித் தினமும் சாயங்காலம் கடல்தண்ணீர் தெளியுங்கள். விரிந்த இடுக்கில் பஞ்சுத்திரி அடித்துப் புட்டி வைப்பவரிடம், அளவுக்கு மேல் திணிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இறக்கிய பிறகு மரம் ஊறிப் பெருக்கும், திணித்த பஞ்சு அப்போது பலகையையே நெம்பிவிடும்.

அடிப்பாகத்துக்குப் பூசும் பாசித்தடுப்புப் பெயின்ட்டை இறக்குவதற்குக் கொஞ்ச நாள் முன்பு வரை தள்ளிப்போடுங்கள். பூசிய பிறகு எத்தனை நாளுக்குள் தண்ணீரில் இறக்க வேண்டும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும்.

இறக்கிய முதல் இரவு படகில் இருவர் தங்க வேண்டும். எந்த மரப்படகும் அன்று ஒழுகும், பலகை ஊறும்வரை பம்ப் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஒரு நாளில் ஒழுகல் குறைய ஆரம்பித்து, இரண்டு மூன்று நாளில் வழக்கமான அளவுக்கு வந்துவிடும். மூன்றாம் நாளும் அதே வேகத்தில் ஏறினால் மேஸ்திரியைக் கூப்பிட்டு மறுபடி ஏற்றுங்கள். இதற்காகவே ஜூன் முதல் வாரத்திலேயே இறக்கிவிடச் சொல்கிறேன். 13ஆம் தேதி இறக்கிவிட்டு 14ஆம் தேதி இரவு அவரைத் தேடினால், அவர் வேறு யாருடைய படகுக்கு அடியிலாவது படுத்திருப்பார்.